நான்கு ஒன்பதுகள்

நான் ஒரு லோரி ஓட்டுநரிடம் பொய் சொன்னேன். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய வீடு என் புரோகிராமில் இருந்த பிழையால் கிடைக்காமல் போனது. அது தெரிந்த பிறகும், பிழை அவருடைய கையெழுத்தில் இருந்ததாகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அதை நம்பினார்.

உங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தின் இந்த மலருக்கு எழுதும்படி கேட்க வந்த செயலாளர், "பழைய காலத்து கம்ப்யூட்டர் ஜோக் ஏதாவது எழுதுங்க சார், அட்டையில ஓட்டை போட்டதெல்லாம்" என்றார். அட்டையில் ஓட்டை போட்டதுதான் இதுவும். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் அறை இருந்தது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் கண்ணாடி. குளிர்சாதனம் எப்போதும் ஓடும். தூசி ஆகாது என்பதால் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, அதற்கென்று வைத்திருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நுழைய வேண்டும். நான் அந்த அறையில் மனிதனாக இருந்தேன், வெளியே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த சிலோன் தமிழ்ப் பையன், கணக்கில் முதல், பேச்சில் கடைசி. கல்யாண வீட்டுக்குப் போனால் சட்டைப் பையிலிருந்து பஞ்ச் அட்டையை எடுத்து அதன் பின்பக்கம் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பேன். அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சாமியார் என்று பெயர். என் மனைவி இன்னும் வெளிப்படையாகச் சொல்வாள்: "நீங்கள் அந்த மெஷினையே கலியாணம் கட்டியிருக்கலாம். இஞ்சை ஏன் வாறியள்? குளிரும் இல்லை, கண்ணாடியும் இல்லை."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உங்களில் சிலரும் இன்று அப்படித்தான் திரிகிறீர்கள் என்று தெரியும். திரியுங்கள். அந்த ஆசை இல்லாதவன் இந்த வேலைக்கு வரக்கூடாது. ஆனால் அந்த ஆசை ஒரு மனிதனை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதையும் கேட்டுவிட்டுத் திரியுங்கள்.

மலிவு விலை வீட்டுக்கு விண்ணப்பித்தவர்களை வரிசைப்படுத்தும் வேலை எங்களுக்கு வந்தது. ஒரு விண்ணப்பத்துக்கு ஓர் அட்டை. அதில் மெஷின் படிக்கும்படி ஓட்டைகளாக நான்கு இலக்க எண்ணும் மற்ற விவரங்களும். தேவைக்கேற்பப் புள்ளிகள், இருக்கும் இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டியவர்களுக்கு முதலிடம். முடிவில் இரண்டு பட்டியல்கள் அச்சாகும்: வீடு கிடைத்தவர்கள், காத்திருப்பவர்கள். விண்ணப்பித்த எவரும் இந்த இரண்டில் ஒன்றில் இருந்தாக வேண்டும்.

அட்டைக் கட்டு எங்கே முடிகிறது என்று மெஷினுக்குச் சொல்ல ஓர் அடையாளம் தேவை. கட்டின் கடைசியில் 9999 என்று ஓட்டை போட்ட ஓர் அட்டையை வைப்பேன். அந்த எண்ணைக் கண்டால் நிறுத்து. வேறு வழிகள் இருந்தன. இதில் நினைவகத்தில் கொஞ்சம் இடம் மிச்சமாகும். அந்தக் கொஞ்சத்தை மிச்சம் பிடித்ததற்காக அன்று மாலை பிரிக்பீல்ட்ஸ் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

எங்கள் பிரிவில் அட்டைகளை எண்ணிச் சரிபார்க்க ஒரு சீன அம்மா இருந்தார். பெயரைப் போட்டால் கோபப்படுவார். அவர் ஆங்கிலத்திலும் மலாயிலும் கலந்து கேட்டது, தமிழில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"யாராவது ஒருத்தருக்கு அந்த நம்பரே வந்துச்சுன்னா?"

"ஐயாயிரம் பேர் வந்தாலே அதிசயம் மேடம்."

"வீட்டுக்கு லா! இந்த ஊர்ல வீடு வேணாம்னு சொல்ற ஆள் எத்தன பேரு?"

வீடு வேண்டும் என்பவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர்களை அட்டையாகத்தான் பார்த்திருந்தேன்.

ஐயாயிரத்தை மூன்றே மாதத்தில் தாண்டியது. எண் மேலே ஏறிக்கொண்டே போனபோது நான் அடையாளத்தை மாற்றியிருக்கலாம். அரை மணி நேர வேலை. அப்போது நான் வேறொரு புரோகிராமின் அழகில் மயங்கிக் கிடந்தேன்.

கீழ்த்தளக் கவுண்டரில் எண் கொடுக்கும் வேலை ரொக்கியா அக்காவுடையது. நம் ஊரில் ராசியான கார் நம்பருக்கும் வீட்டு நம்பருக்கும் மக்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். நான்கு ஒன்பதை அவர் எடுத்துத் தனியே வைத்திருந்தார், மனதுக்குப் பிடித்த யாருக்காவது கொடுக்க. கடைசி நாளில் காலையிலிருந்து வரிசையில் நின்று, முன்னால் நின்ற கிழவிகளுக்கெல்லாம் இடம் விட்டுக்கொடுத்து, கவுண்டரை அடைந்ததும் "மாமியாருங்க எல்லாம் முடிஞ்சுது, இப்ப மருமகன்" என்று மலாயில் சொல்லி அவரைச் சிரிக்கவைத்த ஓர் ஆளுக்குக் கொடுத்தார். அவர்தான் காத்தமுத்து. போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வரிசை வீட்டில் மனைவி சரசு, இரண்டு பிள்ளைகளோடு இருந்தார். தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வருடக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் நான்கு நம்பர் லாட்டரியில் 9999 எடுத்தார்கள். விழவில்லை.

பட்டியல்கள் அச்சாகி வந்த அன்று சீன அம்மா என் மேசைக்கு வந்தார்.

"ஒண்ணு குறையுது."

"கடைசி அட்டையையும் சேத்து எண்ணியிருப்பீங்க மேடம். அது ஆள் இல்ல."

"அதக் கழிச்சிட்டுத்தான் சொல்றேன்."

"ஒண்ணுதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒண்ணு எங்க போச்சுன்னு நீ சொல்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இயக்குநரிடம் போய் நானே கையெழுத்து வாங்கிக்கொண்டு பட்டியலை அனுப்பிவிட்டேன். சீன அம்மாவின் கணக்கில் ஒன்று கூடுதல் என்று சொன்னேன். அப்போது அது பொய் இல்லை. அதை நான் நம்பினேன். கணக்கில் முதல் வந்தவன் அல்லவா?

மூன்றாம் நாள் காத்தமுத்து வந்தார். கவுண்டரில் சமாளிக்க முடியாமல் மேலே அனுப்பியிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறை வாசலில் கிடந்த காலணிகளைப் பார்த்துவிட்டு, தன் செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே வர அனுமதி இல்லாமல் வெறுங்காலோடு கண்ணாடிக்கு வெளியே நின்றார். நான் எரிச்சலோடு வெளியே போனேன்.

"பாஸ், கிடைச்சவங்க லிஸ்ட்லயும் நான் இல்ல, கிடைக்காதவங்க லிஸ்ட்லயும் நான் இல்ல. அப்ப நான் எங்கதான் இருக்கேன்?"

"சரியா பாத்தீங்களா?"

"நான் பாத்தேன், என் மக பாத்தா, கீழ டீ விக்கிற முஸ்லிம் காக்காவும் பாத்துட்டாரு."

"அப்படின்னா நீங்க ஃபாரமே போடல."

"ஃபாரம் போடாமலா இந்தச் சீட்டு?" நீட்டினார். நான் கை நீட்டவில்லை. கை நீட்டி வாங்கிப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுங்க."

"பண்ணும்னு நான் சொல்லல பாஸ். படிச்ச மெஷினு. ஒரு தடவ உள்ள போய்க் கேட்டுப் பாருங்களேன்."

மெஷினை அவர் ஏதோ மேலதிகாரி என்று நினைத்துவிட்டார் என்று உள்ளே வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். தோட்டத்து ஆள், வேறென்ன தெரியும் என்றேன். எங்கள் சிலோன் ஆட்களில் பலருக்குத் தோட்டத்துத் தமிழர்களைப் பற்றி அப்படி ஓர் எண்ணம் அன்று இருந்தது. எனக்கும் இருந்தது. மறைத்துப் பயனில்லை.

இரண்டாவது முறை வந்தபோது நான் வேலையாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகக் கண்ணாடிக்கு வந்து, சீட்டை விரித்து, என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான்கு ஒன்பதுகள்.

எழுந்து அட்டைக் கட்டின் கடைசியைப் புரட்டினேன். என் முடிவு அட்டைக்கு முன்னால், அதே எண்ணோடு இன்னோர் அட்டை. மெஷின் அவரைக் கண்டதும் கட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து நின்றுவிட்டது. நான் சொன்னதை அப்படியே செய்திருந்தது. அவருக்கு இருந்த புள்ளிகளை விரல் விட்டு எண்ணினேன். முதல் ஐம்பது பேருக்குள் வந்திருக்க வேண்டியவர்.

நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அவர் என்னைக் கண்டதும், "திங்கட்கிழமை அமைச்சிலிருந்து பார்க்க வருகிறார்கள், ஒரு பிழையும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன், இல்லைதானே?" என்றார். அவர் மேசையில் என் பதவி உயர்வுக் கடிதம் இருந்தது தெரியும். "இல்லை சார்" என்றேன். அந்த இரண்டு சொற்களுக்கு ஆன நேரம்தான் எனக்கு இருந்த நேரம். நெருக்கடியில் எடுக்கும் முடிவு என்று நீங்கள் பயிற்சி வகுப்பில் படம் போட்டுப் படிக்கிறீர்களே, அதற்கு அவ்வளவுதான் அவகாசம்.

வெளியே வந்தேன். காத்தமுத்து அதே இடத்தில் நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டேன். உங்க ஃபாரத்துல கோளாறு."

"என்னா கோளாறு?"

இதை நான் முன்கூட்டி யோசிக்கவில்லை. வாயில் வந்தது. "முதல் பக்கத்துக் கையெழுத்தும் மூணாம் பக்கத்துக் கையெழுத்தும் ஒத்துப்போகல. அதனால மெஷின் தள்ளிடுச்சு."

அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். தன் வலது கையைப் பார்த்தார். "ஆமா, நான் போட்டா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது அண்ணே. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரே அடிப்பாரு." அதுவரை பாஸ் என்றவர் அப்போதுதான் அண்ணே என்றார். "இப்ப என்னா செய்யிறது?"

"அடுத்த சுத்துல வரும். நான் பாத்துக்கறேன்."

"தேங்க்ஸ் அண்ணே" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கே புரோகிராமில் ஒரு வரியைத் திருத்தினேன். இனி முடிவு அட்டைக்கு எழுத்தில் அடையாளம். எந்த மனிதருடைய எண்ணும் அதோடு மோதாது. அடுத்த சுற்றில் காத்தமுத்து வந்துவிடுவார். யாரிடமும் சொல்லவில்லை. புரோகிராமை விளக்கும் கையேட்டிலும் மாற்றவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். அடுத்த சுற்று ஆறு மாதத்தில் என்றார்கள், தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் நான் பதவி உயர்ந்து வேறு துறைக்குப் போய்விட்டேன். நேர்மையாகச் சொன்னால், மறந்தும் போய்விட்டேன். எண்பதுகளில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. நான் வேறோர் உலகத்தில் இருந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து சீன அம்மாவின் ஓய்வு விருந்துக்குப் போனேன். எல்லோரும் வாழ்த்திவிட்டு நகர்ந்த பிறகு அவர் என் தட்டில் ஒரு கோழித் துண்டை வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த ஒண்ணு எங்க போச்சு? கண்டுபிடிச்சியா?"

பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பெண்மணி அதை மனதில் வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அவர் மேல் இல்லை. கோழித் துண்டைச் சாப்பிட முடியவில்லை.

அந்த வாரமே தேடிப் போனேன். தோட்டம் இருந்த இடத்தில் மாடி வீடுகள். போர்ட் கிள்ளானில் லோரிக் கொட்டகை கொட்டகையாக விசாரித்து, மூன்றாம் நாள் வீடு தெரிந்தது. ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பு ஒன்றில் பலகை வீடு. அனுமதி இல்லாமல் கட்டிய வரிசை. சுவரில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிய கறை. அவருடைய மகளுக்கு இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போக முடியாமல் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றுவிட்டது என்பது பேச்சில் தெரிந்தது. கம்ப்யூட்டர் சில்லுகள் செய்யும் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்து வேலை செய்கிறாள். அந்தச் சில்லுகளை நான் வீட்டில் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தேன்.

என்னை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. "கண்ணாடி ரூம் அண்ணே!" என்று நாற்காலி போட்டார். சரசு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன்.

காத்தமுத்து ஒன்றுதான் கேட்டார். "அப்ப என் கையெழுத்து?"

"உங்க கையெழுத்த நான் பாக்கவே இல்ல. பொய் சொன்னேன்."

சரசுவின் கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். "பன்னெண்டு வருசம்யா. வீட்டுல தண்ணி ஏறுறப்பல்லாம் உன் கோணக் கையாலதான்னு ஏசினேன். புள்ள பள்ளிக்கூடத்த விட்டப்பவும் அதத்தான சொன்னேன். நீ ஒரு வார்த்த திருப்பிப் பேசல."

"எனக்கும் அப்படித்தான தெரியும்" என்றார் காத்தமுத்து.

பிறகுதான் சரசு என் பக்கம் திரும்பினார். "நீங்க போங்க."

கார் வரை காத்தமுத்து வந்தார். லோரியிலிருந்து சரக்கு ஒப்படைக்கும் தாள் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தாளிலும் அடியில் அவர் கையெழுத்து, அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. "இப்ப நல்லாப் போடுவேன் அண்ணே. தெனம் பழகுனேன்."

அடுத்த திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு பழைய அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரியாகப் போகவில்லை, நம்பர் எடுத்து வரிசையில் உட்கார்ந்தேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப் பிள்ளை திரையைத் தட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டத்துல இல்லயே அங்கிள்."

"சரியா பாரும்மா."

"பாத்துட்டேன் அங்கிள். ஃபாரமே போடலன்னு நெனைக்கிறேன். சிஸ்டம் தப்பு பண்ணாது."

காத்தமுத்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அடித்திருந்தால் பரவாயில்லை.

மேலே போய் விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. நான் துறை மாறிய பிறகு எல்லா அட்டைகளையும் புதிய மெஷினுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பையன்கள் ஒழுங்கானவர்கள். என் கையேட்டைப் படித்து, அதில் எழுதியிருந்தபடியே செய்திருந்தார்கள்: 9999 வந்தால் நிறுத்து. நான் திருத்தியதை எழுதி வைக்காததால் அந்த மனிதரை இரண்டாவது முறையும் நானே தள்ளியிருக்கிறேன். இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று, எதிலும் அவர் இல்லை. வீட்டில் தண்ணீர் ஏற ஏற அவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார். இதை உங்களுக்குப் புரியவைக்க வேறு எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. ஒரு வரியைத் திருத்தினால், திருத்தினேன், இன்ன தப்புக்காகத் திருத்தினேன் என்று இன்னொரு வரி எழுதி வையுங்கள். வெட்கமாக இருந்தால் வெட்கத்தோடு எழுதுங்கள்.

நான் கடிதம் எழுதினேன். பிழை என்னுடையது, மறைத்தது நான், பொய் சொன்னது நான் என்று கையெழுத்திட்டு, பழைய கட்டிலிருந்த அவருடைய அட்டையின் நகலோடு கொடுத்தேன். இப்படி ஒரு கடிதத்தை எந்தக் கோப்பில் போடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மேசைக்கு மேசை போனது. ஒரு துறையில் என் பெயர் கெட்டது, இன்னொன்றில் எனக்குப் பைத்தியம் என்றார்கள். முன்கூட்டியே ஓய்வு பெறச் சொன்னார்கள், பெற்றுக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு வாரம் ஒருமுறை போய் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். ஒன்பதாம் மாதம் ஒரு வீடு ஒதுக்கினார்கள். ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகள் படிப்பு திரும்பி வராது. அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடக் காத்தமுத்துவும் சரசுவும் வந்த அன்று நானும் போயிருந்தேன். கவுண்டரில் அதே பிள்ளை படிவத்தைத் தள்ளி, "இங்க ஒண்ணு, மூணாவது பக்கத்துல ஒண்ணு அங்கிள்" என்றாள். காத்தமுத்து பேனாவை எடுத்தார். தினம் ஐம்பது தாளில் கையெழுத்துப் போடுகிற கை, முதலில் காற்றில் ஒருமுறை போட்டுப் பார்த்தது. முதல் பக்கத்தில் போட்டார். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, மெதுவாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். பிறகு இரண்டு பக்கங்களையும் அருகருகே பிடித்து என்னிடம் நீட்டினார்.

"அண்ணே, பாருங்க. ஒத்துப்போவுதா?"

நான் வாங்கிப் பார்க்கக் கை நீட்டினேன். அதற்குள் பின்னாலிருந்து சரசு தாள்களைப் பறித்துக் கவுண்டரில் வைத்தார்.

"அவர எதுக்குய்யா கேக்குற? சாவிய வாங்கு, போலாம்."